வேண்டாம் என்று நான் சொன்ன கோப்பி

ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் பாடம் இருக்கிறது. அமெரிக்க விருந்தினரோடு எப்படிப் பழகுவது என்று ஒரு நாள், ஜப்பானியரோடு எப்படி என்று இன்னொரு நாள், படம் போட்டுக் காட்டிக் கடைசியில் சான்றிதழும் தருகிறார்கள். போன மாதம் உங்களில் ஒருவர் அந்தப் பாடக் குறிப்பை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணை, நீங்கள் இவ்வளவு காலம் இதுக்குள்ளை நிண்டனீங்கள். சரியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார். பார்த்தேன். எல்லாம் சரிதான். ஆனால் அதில் இருப்பதை ஒருவர் ஒன்று விடாமல் கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. அதை எழுத எனக்குத் தகுதி உண்டு. ஒரு நாள் முழுக்க அந்தக் குழப்பத்தின் நடுவில் நின்றவன் நான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்தக் குழப்பம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. தெளிவு வேண்டுமென்றால் பாடக் குறிப்புக்கே திரும்பிப் போய்விடுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இங்கே முழங்கைவரை சவர்க்கார நுரை. கூட வேலை செய்தவன் மன்னார்க்காரன் ஒருவன். என் வயதுதான், வாய் மட்டும் இரண்டு பங்கு.

அந்த ஹோட்டலுக்கு அமெரிக்கர்கள் நிறைய வருவார்கள். ஓல்டனில் பார்க்க ஏதோ இருக்கிறது என்றல்ல. அங்கிருந்து நாலு திசைக்கும் ரயில் ஓடுகிறது, அவ்வளவுதான். காலையில் போய் மலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புவார்கள்.

எங்கள் முதலாளி அம்மாவை 'ஷெஃபின்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனுசி. ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குப் பொறுமை கிடையாது. காலைச் சாப்பாட்டு மேசையில் பணிஸ், பட்டர், சீஸ் எல்லாம் பரப்பி வைத்திருப்போம். வேண்டியதை எடுத்து அங்கேயே இருந்து சாப்பிட வேண்டும். அமெரிக்கர்களில் சிலர் மத்தியானத்துக்கென்று இரண்டு பணிஸைக் கடதாசித் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். ஷெஃபினுக்கு அதைக் கண்டால் கண் சிவந்துவிடும்.

ஒரு நாள் பரிமாறுகிற பெண்ணுக்குக் காய்ச்சல். ஷெஃபின் எனக்குப் போட ஒரு வெள்ளைச் சேட்டைத் தந்து, மேசைக்குக் கிட்ட நிற்கச் சொன்னார். "ஆரும் பணிஸைச் சுத்தினால் பக்கத்திலை போய் நில்லுங்கோ. ஒண்டும் சொல்ல வேண்டாம். நிண்டால் அவைக்கு விளங்கும்."

சற்று நேரத்தில் ஒரு வயதான அமெரிக்க அம்மா, கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, இரண்டு பணிஸுக்குள் சீஸ் வைத்துச் சுற்றத் தொடங்கினார். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கடதாசி கிழிந்து சீஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர் வெளிக்கிடும்போது வழிக்கென்று சோறு கட்டிக் கொடுக்கிற ஊர் என்னுடையது. கிழிந்த கடதாசியோடு ஒரு வயதானவரை ரயிலுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுக்களைக்குள் ஓடி எண்ணெய்க் கடதாசி கொண்டுவந்து, ஒழுங்காக மடித்து, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். ஒரு அப்பிளும் வைத்து, ஆங்கிலத்தில் நல்ல பயணம் வாழ்த்தினேன். பின்னால் திரும்பினால் இன்னும் ஆறு அமெரிக்கர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஷெஃபின் வந்தபோது நான் ஏழாவது பொதியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மன்னார்க்காரன் அடுக்களை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன்னைக் காவலுக்கு விட்டவ, மச்சான். நீ கள்ளனுக்கு மூட்டை கட்டிக் குடுக்கிறாய்."

சுவிஸ்காரர் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள், மெதுவாகக் கதைப்பார்கள். ஷெஃபின் மிக மெதுவாக என் பெயரைச் சொன்னார். என் வேலை போகிறது என்றே நினைத்தேன். அந்த நேரம் அந்த வயதான அம்மா வரவேற்பு மேசைக்கு வந்து, பொதியைக் கையில் பிடித்தபடி, "இந்த மனிசனை எனக்கு நாளைக்கு ஒரு நாள் தருவீங்களோ?" என்று கேட்டார்.

காரணம் இதுதான். அவரின் பெயர் ரூத். வயது எழுபத்தாறு. அவரின் தகப்பன் பிறந்தது இங்கே, திரிம்பாக்குக்கு மேலே மலைச் சரிவில் ஒரு பண்ணை வீட்டில். இப்போது நாம் கோயிலுக்குப் போகிற அதே திரிம்பாக்தான், அப்போது கோயில் இல்லை. தகப்பன் பதினேழு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்த வீட்டின் நடு அறையில் பச்சை ஓடு பதித்த பெரிய சூட்டடுப்பு ஒன்று இருப்பதாகவும், அதோடு ஒட்டிக் கட்டிய வாங்குப் பலகையில்தான் பனிக்காலம் முழுக்கத் தான் படுத்ததாகவும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ரூத் அம்மாவும் மகனும் அந்த முகவரிக்கு இரண்டு தரம் ஆங்கிலத்தில் கடிதம் போட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. நாளை மறுநாள் விமானம்.

"அந்த வாங்கிலை ஒருக்கால் இருக்க வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

அவருக்கு ஆங்கிலமும் பண்ணைக்காரரின் பாஷையும் தெரிந்த ஒரு ஆள் தேவை. என் ஜெர்மன் அடுக்களையில் காதால் பிடித்தது. புத்தக ஜெர்மன் வராது, ஊர்ப் பேச்சு ஓரளவு வரும். ஷெஃபின் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "அவ சொல்லுறதை அவைக்குச் சொல்லுங்கோ. அவை சொல்லுறதை அவவுக்குச் சொல்லுங்கோ. பொதி கட்ட வேண்டாம்."

மறுநாள் மஞ்சள் தபால் பஸ்ஸில் மலையேறினோம். ரூத் அம்மா, அவரின் மகன், நான். மகனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி, கையில் ஒரு அச்சடித்த தாள். சுற்றுலா நடத்துகிறவர்கள் கொடுத்தது. சுவிஸில் அமெரிக்கர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. மனிதர் அதை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எல்லோருக்கும் கை குலுக்கு, குழந்தைக்கும் குலுக்கு. சத்தமாகச் சிரிக்காதே. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. அழைக்காமல் உள்ளே காலடி வைக்காதே, இருக்கச் சொல்லாமல் இராதே, தந்ததை மறுக்காதே. கேட்கக் கேட்க எனக்குப் பயம் பிடித்தது. இங்கே வந்து இரண்டு வருடமாகியும் இதில் பாதி எனக்குத் தெரியாது.

"என்னை ரூத் எண்டு கூப்பிடுங்கோ" என்றார் அம்மா.

"தாளிலை அப்பிடிக் கூடாதெண்டு இருக்கு, அம்மா" என்றார் மகன்.

"அது சுவிஸ்காரருக்கு. இவர் சுவிஸ்காரர் இல்லையே."

"அப்ப இவர் ஆர்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடமிருந்த அகதி அட்டையிலும் அதற்குப் பதில் இல்லை. தாயின் வயதில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையாது. மேடம் என்றே கூப்பிட்டேன். அவருக்கு அது வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.

வீடு பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒரு ஏற்றம் தள்ளி இருந்தது. பெரிய கூரை, சின்ன யன்னல்கள், முன்னால் இடுப்பளவு புல். மகன் வீட்டை முழுதாகப் படமெடுக்க நினைத்துப் புல்லுக்குள் ஒரு காலை வைத்தார். வெட்டாத புல் என்றால் இங்கே மாட்டுக்கு மாரிகாலத்துச் சாப்பாடு. நம்மூரில் கதிர் வரப்போகிற குடலைப் பருவத்து நெல்லுக்குள் இறங்குகிற மாதிரி. தாளில் அது இல்லை. நானோ வயல்காரன் பிள்ளை. "ஐயோ, மிதியாதையுங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

அந்தச் சத்தத்துக்குப் பண்ணைக்காரர் வெளியே வந்தார். பின்னாலேயே மனைவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு. தாள் சொன்னபடி நாங்கள் மூவரும் வரிசையாய்ப் போய் இருவருக்கும் கை குலுக்கினோம். பிறகு தாள் சொன்னபடியே அடக்கமாக நின்றோம். இரண்டு வெள்ளைச் சேட்டு, ஒரு கழுத்துப்பட்டி, அமெரிக்க முகம், தேவைக்கு மேலான பணிவு. பண்ணைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்கு வேறை சமயம் ஒண்டும் வேண்டாம்" என்றார்.

வீடு வீடாகப் போய் மதம் பரப்புகிறவர்கள் என்று நினைத்துவிட்டார்! ரூத் அம்மாவும் மகனும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, மரியாதை கெட்டு வந்திருந்தால் சாதாரண உல்லாசப் பயணிகள் என்று உடனே தெரிந்திருக்கும். நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். இவரின் தகப்பன் இந்த வீட்டில் பிறந்தவர், வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். அதைக் கேட்டதும் பண்ணைக்காரரின் முகம் இன்னும் இறுகியது. ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மனைவிதான் ரூத் அம்மாவைக் கவனித்துப் பார்த்தார். ஏற்றம் ஏறிய களைப்பில் அவர் கைத்தடியில் சாய்ந்து நின்றார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "ஒரு கோப்பி குடிக்கிறியளோ?" என்று கேட்டார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில்தான் நான் என் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய பிழையைச் செய்தேன். நன்றாக வளர்க்கப்பட்ட எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் செய்வதைச் செய்தேன்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள். கரைச்சல்படாதையுங்கோ" என்றேன்.

ரூத் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாய் தானாகச் சொன்னது. நம்மூரில் முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்று சொன்னால் தீனிக்கு அலைஞ்சவன் என்பார்கள். வேண்டாம் என்போம். வீட்டுக்காரர் 'ஒரு வாய் குடியுங்கோ' என்பார். திரும்பவும் வேண்டாம் என்போம். மூன்றாந்தரம் கையில் தேத்தண்ணி வந்துவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம்.

அந்தப் பெண்ணுக்கு அந்த ஆட்டம் தெரியாது. "அப்பிடியோ, சரி" என்றார். மூவருக்கும் கை கொடுத்தார். நல்ல பயணம் வாழ்த்தினார். இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

நான் முகத்தில் சிரிப்போடு கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன், இரண்டாந்தரம் கேட்க வருவார் என்று. வரவில்லை.

"என்ன சொன்னவ?" என்று கேட்டார் ரூத் அம்மா.

ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை. "புல்லு வெட்டுற காலமாம், மேடம். அவைக்குச் சரியான வேலையாம்" என்றேன்.

மகன் தாளைப் பார்த்தார். "வற்புறுத்தக் கூடாதெண்டு இருக்கு, அம்மா."

"சரி. மரியாதையாய்த்தானே சொல்லியிருக்கினம்" என்றார் அவர். கோபம் இல்லை, முறைப்பாடு இல்லை. யன்னல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்த யன்னலுக்குப் பின்னால் அந்த அறை இருக்கும் என்று தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதன் விளிம்பில் போய் உட்கார்ந்தார்.

தகப்பன் வீட்டு வாசலில், தொட்டி விளிம்பில் இருந்துவிட்டு அவர் திரும்பிப் போகப் போகிறார். அந்த வீடு தன்னை உள்ளே விடவில்லை என்றுதான் மிச்சக் காலம் முழுக்க நினைப்பார். என் வீடு அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடந்தது, திரும்பிப் போவேனா என்று தெரியாது. அப்படிப்பட்ட நான் இன்னொருவர் வீட்டுக் கதவை மரியாதை என்ற பெயரில் என் கையாலேயே சாத்திவிட்டேன். சொன்னால் வெட்கம். ஷெஃபினின் காதுக்குப் போனால் வேலையும் போகலாம். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியவராது. பத்து நிமிடம் அப்படியே நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தை இன்றைக்கும் ஒருவருக்கும் பெருமையாகச் சொல்ல முடியாது.

"மேடம், நான் பொய் சொன்னனான். அந்த மனிசி கோப்பிக்குக் கூப்பிட்டவ. நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஏன்?"

"எங்கடை ஊரிலை முதல் வேண்டாமெண்டுதான் சொல்லுறது."

"அப்ப ஓம் எண்டு எப்ப சொல்லுவியள்?"

"மூண்டாந்தரம்."

மகன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ரூத் அம்மா என்னைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், மகனின் தாளைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். காலையிலிருந்து தாளுக்குப் பயந்து அடக்கி வைத்திருந்த முழு அமெரிக்கச் சிரிப்பும் ஒரேயடியாக வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். "அம்மா, சத்தம்" என்று மகன் கெஞ்சினார். அது அவரின் காதில் விழவேயில்லை. மலைச் சரிவு முழுக்கக் கேட்டிருக்கும்.

மேலே ஒரு யன்னல் திறந்தது. பண்ணைக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

எனக்கு வேறு சந்தர்ப்பம் கிடையாது என்று தெரிந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டு வாசலில் நின்று, நாங்களாகவே கோப்பி தாருங்கள் என்று கேட்க வேண்டும். நான் வளர்ந்த வளர்ப்புக்கு அதைவிடக் கேவலம் இல்லை. யன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"எங்களுக்குக் கோப்பி வேணும்" என்றேன்.

"குடிச்சிட்டு வந்தனாங்கள் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"குடிக்கேல்லை. அது பொய்."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"மரியாதைக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. கோபமில்லை. கணக்கு ஒன்று பிழைத்துப்போனால் பார்ப்போமே, அப்படி. பின்னால் பண்ணைக்காரரின் குரல், என்னவாம் என்று கேட்டது. மனைவி திரும்பி ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "அவவும் வேண்டாமெண்டவவோ?" என்று கேட்டார்.

"நான் அவவைக் கேக்கவேயில்லை. அவவுக்கு உள்ளுக்கு வர விருப்பம். அந்தப் பச்சை அடுப்பைப் பாக்கத்தான் அமெரிக்காவிலையிருந்து வந்தவ."

அவர் தொட்டி விளிம்பில் இருந்த ரூத் அம்மாவைப் பார்த்தார். "எத்தினை கோப்பி?" என்று கேட்டார்.

"மூண்டு."

"காலைத் துடைச்சுக்கொண்டு வாங்கோ."

துடைப்பது எங்கே! வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன், அதுவும் வளர்ப்புத்தான். நான் கழற்றியதைப் பார்த்துத் தாளில் இதை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து மகனும் அவசரமாகக் கழற்றினார். பண்ணைக்காரர் மரச் சப்பாத்தோடு உள்ளே நின்று, காலுறையோடு வருகிற எங்கள் இருவரையும் வாயைத் திறந்தபடி பார்த்தார். ரூத் அம்மா மட்டும் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அடுப்பு அங்கேயே இருந்தது. பச்சை ஓடு, அங்கங்கே வெடிப்பு. ஒட்டினாற்போல வாங்கு. ரூத் அம்மா அதற்கு முன்னால் போய் நின்றார். இருக்கவில்லை, ஒருவரும் இருக்கச் சொல்லவில்லையே. நானும் சொல்லவில்லை. இனி என் வாயால் ஒரு சொல்லும் கூடுதலாக வராது என்று சபதம் எடுத்திருந்தேன். ஐந்து பேரும் நின்றோம். கடைசியில் வீட்டுக்காரி வாங்கைக் கையால் இரண்டு தரம் தட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ரூத் அம்மா இருந்தார். முதுகை ஓட்டில் சாய்த்தார். ஆனி மாதம், அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோப்பி வந்தது. பின்னல் போட்ட பாண் வந்தது. இன்னொரு கோப்பி வேண்டுமா என்று கேட்டபோது நான் ஒழுங்காக ரூத் அம்மாவிடம் கேட்டு, அவர் சொன்ன ஓமை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நீங்கள் இந்த இடத்தில் கதையை முடித்து, 'அண்ணை சொல்லுற பாடம் விளங்கிட்டுது, எங்கடை பழக்கத்தை வேலையிலை கொண்டுவரக் கூடாது' என்று எழுதிக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு பத்து நிமிடத்துக்கு.

கோப்பி குடிக்கும்போதும் பண்ணைக்காரரின் முகம் இறுகியே இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "இங்கையிருந்து அவவுக்கு ஏதும் வேணுமோ எண்டு கேளுங்கோ" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் காலையிலிருந்து பயந்துகொண்டிருக்கிறார், காணியில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்று. காணிப் பயம் எந்தத் தேசத்திலும் ஒரே முகம்தான்.

கேட்டேன். ரூத் அம்மா, "இல்லை, ஒண்டும் வேண்டாம், நன்றி" என்றார்.

பண்ணைக்காரருக்கு அதைச் சொல்ல வாயைத் திறந்தவன் நிறுத்திவிட்டேன். ரூத் அம்மா சொன்ன அந்த வேண்டாம் எந்த ஊர் வேண்டாம்? சுவிஸ்காரர் சொல்கிற வேண்டாமா, நான் வாசலில் சொன்ன வேண்டாமா? அமெரிக்கர் ஒளிக்காமல் கதைப்பவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இவர் சொல்லும்போது என்னையும் பார்க்கவில்லை, பண்ணைக்காரரையும் பார்க்கவில்லை, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை. ஷெஃபின் சொன்னதையும் நான் எடுத்த சபதத்தையும் தாண்டி, இரண்டாந்தரம் கேட்டேன்.

"உண்மையாய் ஒண்டும் வேண்டாமோ, மேடம்?"

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "ஒண்டு இருக்கு. ஆனால் அது கேக்கக் கூடாதது."

"கேளுங்கோ."

"இந்த அறையிலை நான் கொஞ்ச நேரம் தனிய இருக்கலாமோ?"

"அம்மா!" என்றார் மகன். முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்காரரை அவர்களின் சொந்த அறையிலிருந்து வெளியே போகச் சொல்வது தாளில் இருக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலும் மரியாதையில்லை, சுவிஸிலும் இல்லை, யாழ்ப்பாணத்தில் சொன்னால் ஏழு தலைமுறைக்கும் கதைப்பார்கள். நான் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, மெழுகவில்லை. கேட்டபடியே சொன்னேன்.

பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பைப் பார்த்தார். பிறகு மனிதர் எழும்பித் தொப்பியை எடுத்துக்கொண்டு, "எனக்கு எப்பிடியும் மாடுகளைப் பாக்க வேணும்" என்றார். மாடுகள் மேலே மேய்ச்சலில் நின்றதை வரும் வழியில் நானே பார்த்திருந்தேன். மனைவி கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கினார், ரூத் அம்மாவின் கோப்பையை மட்டும் விட்டுவிட்டார். கடைசியாக வெளியே வந்தவர் கதவை மெல்லச் சாத்தினார்.

நாங்கள் நால்வரும் முற்றத்தில் நின்றோம். மகனும் நானும் காலுறையோடு. கீழே எங்கள் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் அதன் பின்னால் ஓடவில்லை.

"உள்ளுக்கு என்ன செய்யிறா?" என்று வீட்டுக்காரி என்னிடம் கேட்டார்.

"தெரியேல்லை."

"அழுறாவோ?"

"தெரியேல்லை."

"நல்லது" என்றார் அவர். எது நல்லது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ரூத் அம்மா வெளியே வந்தபோது முகம் கழுவினவர் போல இருந்தார். பண்ணைக்காரருக்குக் கை கொடுத்தார், அவரின் மனைவிக்குக் கொடுத்தார். வீட்டுக்காரி அந்தக் கையை விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"திரும்ப வருவாவோ எண்டு கேளுங்கோ. பனிக்காலத்திலை வரச் சொல்லுங்கோ. அப்பதான் அடுப்புச் சூடாயிருக்கும்."

கேட்டேன். ரூத் அம்மா வீட்டைப் பார்த்தார், பிறகு கீழே போகிற பாதையைப் பார்த்தார். வரும்போது அந்த ஏற்றத்தில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கியவர் அவர்.

"ஓம், வருவன்" என்றார்.

மகன் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினார். நான் வீட்டுக்காரியிடம் திரும்பி, "ஓமாம், வருவாவாம்" என்று சொன்னேன்.

இரண்டாந்தரம் கேட்கவில்லை.